ஓடிபி கடலுக்குப் போகிறது: வடசென்னையில் இணைய வறுமையும் முறையீட்டு உரிமையும்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கைபேசி இல்லாத வீடு அரிது. இதை வைத்தே இங்கே இணைய வறுமை தீர்ந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. கைபேசி யார் கையில், எந்த நேரத்தில் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய இந்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு மட்டுமே.

காசிமேட்டில் விசைப்படகேறுபவர் கைபேசியைப் பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்துப்போகிறார். மனைவியின் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள எண் அதில்தான் இருக்கிறது. கரை மறைந்தால் சிக்னலும் போய்விடும். மனைவி இ-சேவை மையத்தில் காத்திருக்க, ஓடிபி கடலுக்குப் போகிறது. சில நிமிடங்களில் அது காலாவதி. மீன் வெட்டும் கூலியில் அரைநாள் போனதுதான் மிச்சம். ரீசார்ஜும் 28 நாளுக்கு ஒருமுறை என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று முறை.

2023இல் நடந்த இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடும்பத் தலைவிகளுக்கான மாத உதவியான கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் டோக்கன் கொடுத்து, முகாம் நடத்தி, காகிதத்தில் பெறப்பட்டது. தமிழகமெங்கும் சுமார் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள்; 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். மற்றவர்களுக்கு மறுப்பின் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக இணையத்தில் மேல்முறையீடு செய்யச் சொன்னார்கள். அது செப்டம்பர், அக்டோபர். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து, ஆண்கள் கடலில் இருக்கும் பருவம். கேட்பதற்குத் தெருமுனை, மறுத்தால் வாதாடுவதற்குத் திரை என்று ஒரே திட்டத்துக்குள் இரண்டு வாசல்கள்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்த அதே மாதத்தில், நிவாரணம் 6,000 ரூபாய் டோக்கன் வழியே ரேஷன் கடையில் ரொக்கமாகக் கிடைத்தது. ஆக, அரசுக்கு இந்த வழி தெரியாததல்ல.

இணையம் இடைத்தரகரை ஒழிக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இங்கே புதிய இடைத்தரகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார்; ஆதார் எண்ணையும் ஓடிபியையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பெண்கள் வீடு திரும்புகிறார்கள். டேட்டாவை மட்டும் கொடுப்பதும் தீர்வாகாது. 2021இல் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் கருவி கையில் இருந்தவருக்கே அது பயன்பட்டது.

கண் சிமிட்டிக் காட்டி கேஒய்சி அடையாளச் சரிபார்ப்பை முடிக்க இயலாத, அமில வீச்சுக்கு ஆளான பெண்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்புச் சட்டம் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைபேசியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கும் பெண்ணுக்கும் அத்தீர்ப்பு பொருந்த வேண்டும். குறுஞ்செய்தியில் மறுக்கும் எந்தத் திட்டமும் அதற்கான முறையீட்டைக் காகிதத்தில் வாங்கி, கையோடு ரசீது தர வேண்டும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் இதை முதலில் தொடங்கலாம். நிவாரணம் கொடுத்த ரேஷன் கடைகள் அங்கேயே இருக்கின்றன.