கடலடியில் எழுதிய சித்திரம்

ஆஸ்திரிய தேசத்துப் பிரபு ஒருவர் கடலுக்கடியில் அமர்ந்து சித்திரம் எழுதினார் என்றால், நேயர்களில் பலர் கட்டுக்கதை என்றே எண்ணுவர். கதையன்று; சரித்திரமே. இயூஜென் வான் ரான்ஸொனே என்னும் அப்பிரபு 1864-65-ம் ஆண்டுகளில் இலங்கையில் சஞ்சரித்தார். கண்ணாடிச் சாளரம் பதித்த மணிபோன்ற இரும்புக் கூடொன்றில் தலையை நுழைத்து, கால்கள் நீரில் தொங்க, மேலிருந்து குழாய்வழி வந்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு, காலித் துறையருகே கண்ட பவளப் பாறைகளை வரைந்தார். 1867-ல் அவை வியன்னா நகரில் புத்தகமாக வெளிவந்தன.

அதற்கு முன்னும் பவளத்தை வரைந்தோர் உண்டு. அவர்கள் வரைந்ததோ பெரும்பாலும் மேசைமேல் காய்ந்து கிடந்த எலும்பை. ரான்ஸொனே வரைந்தது குடியிருப்பை. அருகிலுள்ளது தெளிந்தும், தொலைவிலுள்ளது நீரின் நிறத்தில் கரைந்தும் தோன்றும் அந்த மங்கலையும் விடாது தீட்டினார். நம் எண்ணத்தில் அவருடைய பெருமை அந்த மங்கலிலேதான் இருக்கிறது.

தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பெரட்டில் பெயர் பதியாதவன் வராமற்போனால் கேட்பார் எவர்? கடலின் கதையும் அவ்வாறே. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலிற் கண்ட கடலையே நிறைந்த கடலென்று நம்பிவிடுகிறது.

அந்தத் தென்மேற்குக் கரையிலே முருகைக் கல்லைத் தோண்டிக் காளவாயிலிட்டுச் சுண்ணாம்பாக்குவது நெடுநாளைய தொழில். வீட்டுச் சுவருக்குப் பூசவும் வெற்றிலைக்குத் தடவவும் அது உதவிற்று. தொழிலாளியைக் குறை கூறோம். அவனுக்கு வேறு கூலி கொடுத்தவர் யார்? ஆயினும் நஷ்டம் நஷ்டமே. 1979-ல் காலிக்கு வடமேற்கேயுள்ள ஹிக்கடுவைக் கடற்பகுதி சரணாலயமாயிற்று. 2004-ல் ஆழிப் பேரலை வந்தபோது, பாறை நின்ற ஹிக்கடுவையினும், கல் தோண்டப்பட்ட அருகூராகிய பெரலியவில் அலை மிக உயர்ந்து உட்புகுந்தது என்று ஆராய்ந்தோர் எழுதினர்.

சட்டத்துக்குக் கட்டுப்படாத பகையொன்று அதற்கு முன்பே, 1998-ல், வந்திருந்தது. பவளப் பூச்சியின் உடலுள்ளே நுண்பாசி வாழ்கிறது. அதுவே பூச்சிக்கு உணவும் நிறமும் அளிப்பது. கடல் அளவுமீறிச் சூடேறினால் பாசி வெளியேறும். பவளம் வெளுக்கும், சூடு நீடித்தால் பட்டினியால் மடியும். அவ்வாண்டில் ஹிக்கடுவையிலும், தமிழ் வழங்கும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும்பாறைத் தொடரிலும் ஆழமற்ற இடத்துப் பவளம் பெரும்பாலும் அழிந்தது.

கற்பிட்டியில் அது மீண்டது. சில ஆண்டுகளுக்குள் கிளைவிடும் பவளமும் மேசைபோல் விரியும் பவளமும் மறுபடி படர்ந்தன. 2016-ல் மீண்டும் கடல் சூடேறியது. வளர்ந்தவை மறுபடி வெளுத்து மாண்டன. முதலில் திரும்பி வருபவை விரைந்து வளரும் இனங்களே. உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே பருக்கும்; ஆள் உயரம் எட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேண்டும். ஆகவே, "பவளம் திரும்பிவிட்டது" என்று எவரேனும் சொன்னால், எந்தப் பவளம் என்று நாம் கேட்கவேண்டும். காலியைப் பற்றியேனும் அவ்வாறு கேட்பதற்கு, கால் நனைய உட்கார்ந்து ஒருவர் எழுதிய சித்திரம் நம்மிடம் உண்டு. கற்பிட்டிக்கு அத்தனை பழைய சித்திரம் எதையும் நாம் கண்டதில்லை.