பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் மடற்குழு: நடத்துவதும் கையளிப்பதும்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் நமது தமிழ் மாணவர் சங்கங்களின் பெரிய சொத்து மின்னஞ்சல் பட்டியல்தான். பொங்கல் விழா, மாவீரர் நினைவு, தமிழ் வகுப்பு, நிதி சேகரிப்பு என எல்லா அறிவித்தல்களும் அதன் வழியேதான் போகின்றன. வட்ஸ்அப் வந்த பிறகும் கைத்தொலைபேசி இலக்கத்தைத் தரத் தயங்குபவர்கள் மின்னஞ்சல் முகவரியைத் தருகிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலை எப்படி வைத்திருப்பது என்பதை நாம் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மடற்குழு பல்கலைக்கழகங்களில் வளர்ந்த முறை. 1981இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைக்கத் தொடங்கிய பிட்நெட் வலையமைப்பில் அது பரவியது. 1986இல் பாரிசில் மாணவராக இருந்த எரிக் தோமா எழுதிய லிஸ்ட்சேர்வ் மென்பொருள், ஆட்களைச் சேர்க்கும், நீக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைத்தது. பிரித்தானியக் கல்வித்துறையின் ஜிஸ்க்மெயில் சேவையும் இதே மென்பொருளில்தான் இயங்குகிறது. தமிழுக்கும் இதில் பங்குண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களை மின்னஞ்சலால்தான் ஒன்றுசேர்த்தது.

எந்த வகைக் குழு?

அறிவித்தற் குழு, உரையாடற் குழு என இரண்டு வகை உண்டு. முதலாவதில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம். இரண்டாவதில் எவரும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாக்கினால் சிக்கல் வரும். 2012 நவம்பரில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில், நிர்வாக அலுவலகம் அனுப்பிய அறிவித்தலுக்கு ஒரு மாணவர் எழுதிய சிறு பதில் சுமார் 40,000 மாணவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பதில் எழுதினால் எல்லோருக்கும் போகும் என்பதை அறிந்த மற்ற மாணவர்களும் வேடிக்கையாக எழுதத் தொடங்கினர். அந்தக் குழுவின் அமைப்பு அதற்கு இடம் கொடுத்திருந்தது.

ஆகவே பதில்கள் அனுப்பியவருக்கு மட்டும் போகும்படி அமைப்பதே பாதுகாப்பானது. உரையாடல் வேண்டுமென்றால் தனிக் குழு தொடங்கி, இரண்டு மட்டுறுத்துநர்களையாவது நியமிக்க வேண்டும். பரீட்சைக் காலத்தில் ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

முகவரிகள் யாருடையவை?

அவை சங்கத்தின் சொத்து அல்ல, தந்தவர்களுடையவை. எதற்காகத் தந்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். விழா அறிவித்தலுக்கென வாங்கிய பட்டியலை ஒரு கடைக்கோ அரசியல் அமைப்புக்கோ கொடுப்பது நம்பிக்கைத் துரோகம், சட்டப் பிரச்சினையும்கூட.

மடற்குழு இல்லாமல் நூறு முகவரிகளை நேரடியாக சிசி பெட்டியில் போடுவது இன்னொரு ஆபத்து. எச்ஐவி ஸ்கொட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் 2020இல் 105 பேருக்கு இப்படி மடல் அனுப்பியது. எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதற்கு 10,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

இனம், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றை வெளிப்படுத்தும் விபரங்களுக்குப் பிரித்தானியச் சட்டம் கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறது. நமக்கு இது வெறும் சட்ட விடயம் அல்ல. ஊரில் பெற்றோரும் உறவினரும் இருக்கும் பிள்ளைகள், நினைவேந்தல் நிகழ்வுப் பட்டியலில் தங்கள் பெயர் இருப்பது வெளியே தெரியக்கூடாது என நினைக்கலாம். ஆகவே உறுப்பினர் பட்டியலை நிர்வாகிகள் மட்டுமே பார்க்கும்படி அமைக்க வேண்டும். விலக விரும்புபவர் காரணம் சொல்லாமல் விலக வழி இருக்க வேண்டும்.

கையளிப்பு

பல பட்டியல்கள் சாவது இங்கேதான். குழுவைத் தொடங்கியவர் தன் மாணவர் கணக்கில் தொடங்கியிருப்பார். பட்டம் பெற்ற பிறகு அந்தக் கணக்கு மூடப்படும். குழு இருக்கும், திறப்பு இருக்காது. புதிய நிர்வாகம் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இதைத் தவிர்க்க:

1. குழுவின் உரிமை தனி மாணவரின் கணக்கில் இல்லாமல், மாணவர் ஒன்றியமோ பல்கலைக்கழகமோ சங்கத்தின் பெயரில் தரும் பொது முகவரியில் இருக்கட்டும்.

2. எப்போதும் குறைந்தது இரண்டு உரிமையாளர்கள் இருக்கட்டும். ஒருவராவது அடுத்த ஆண்டும் படிப்பவராக இருக்க வேண்டும்.

3. நிர்வாகம் மாறும் கூட்டத்திலேயே புதியவர்களைச் சேர்த்து, கடவுச்சொல்லை மாற்றி, பழையவர்களை நீக்கிவிடுங்கள்.

4. சொந்தக் கணினிகளில் கிடக்கும் பிரதிகளை அழித்துவிடுங்கள்.

5. படிப்பு முடித்தவர்களிடம் கேட்டு, விரும்பியவர்களைப் பழைய மாணவர் குழுவுக்கு மாற்றுங்கள்.

கடைசி வேலையைத்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். வேலை தேடும் பிள்ளைக்கு வழிகாட்டவும், விழாவுக்கு மண்டபக் காசு கட்டவும் முன்வருபவர்கள் பெரும்பாலும் பழைய மாணவர்களே. அவர்களைத் தேடிப் பிடிக்க இன்று பல சங்கங்களிடம் ஒரு முகவரிகூட இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகாது.