மெடேயாவுக்குத் தாய்வீடு எங்கே?

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது ஜெர்மனியில் பள்ளிக்கூடத்தில் மெடேயாவின் கதையைப் படித்தோம். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இவளை மீடியா என்றும், கணவனை ஜேசன் என்றும் தெரிந்திருக்கும். நான் படித்தபடியே மெடேயா, யாசோன் என்று எழுதுகிறேன். கணவன் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காகத் தன் இரண்டு மகன்களையும் தானே கொன்ற தாயின் கதை இது. ஆசிரியர் "யார் குற்றவாளி?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் ஒரே பெயரைத்தான் சொன்னது. நானும் அதைத்தான் சொன்னேன்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளின்ரை தாய் தேப்பன் எங்கை? திரும்பிப் போக அவளுக்கு ஒரு வீடு இருந்ததோ?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பல வருடங்கள் கழித்துப் பண்டைய ஏதென்ஸின் சட்டங்களைப் பற்றி வாசித்தபோதுதான், அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிந்தது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெடேயா கொல்கிஸ் நாட்டு அரசனின் மகள். அது கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜோர்ஜியா இருக்கும் இடத்தில் இருந்தது. தங்க ஆட்டுத்தோலைத் தேடி அங்கே வந்த கிரேக்கன் யாசோன் மேல் அவளுக்குக் காதல் வந்தது. அவனுக்காகத் தகப்பனுக்குத் துரோகம் செய்தாள். சொந்தத் தம்பியைக் கொன்றாள். கிரேக்க நாட்டுக்கு வந்த பிறகும் அவனுடைய பகைவன் ஒருவனைச் சூழ்ச்சியால் கொல்ல வைத்தாள். அதனால் இருவரும் அந்த ஊரை விட்டு ஓடி, கொரிந்து நகரில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கே யாசோன் அரசன் கிரேயோனின் மகளைக் கட்டிக்கொண்டான். நாடகம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இதை எழுதியவர் யூரிப்பிடீஸ். கி.மு. 431இல் ஏதென்ஸில், தியோனிசஸ் என்ற தெய்வத்துக்கு எடுத்த வசந்தகால விழாவில் இது முதன்முதலாக மேடையேறியது. அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த திறந்தவெளி அரங்கம் அது. நடிகர்கள் எல்லோரும் ஆண்கள். மெடேயாவாக நடித்தவரும் முகமூடி போட்ட ஓர் ஆண்தான். விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிட்டார்கள். யூரிப்பிடீஸுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம், அதாவது கடைசி இடம்.

நாடகத்தில் யாசோன் தன் பக்க நியாயத்தைச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அவன் வெட்கப்படவே இல்லை. காட்டுமிராண்டிகளின் நாட்டிலிருந்து உன்னைச் சட்டம் உள்ள நாட்டுக்குக் கொண்டுவந்தேன், அரசன் மகளைக் கட்டியதும் உனக்கும் பிள்ளைகளுக்கும் நன்மை செய்யத்தான் என்கிறான். செலவுக்குப் பணமும், வெளியூரில் உள்ள தன் நண்பர்களிடம் காட்ட அடையாளமும் தருவதாகச் சொல்கிறான். அவள் இரண்டையும் வாங்க மறுக்கிறாள்.

சட்டம் உள்ள நாடு என்றானே, அந்தச் சட்டம் ஒரு மனைவிக்கு என்ன கொடுத்தது? கதை நடப்பது கொரிந்தில். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏதென்ஸ்காரர். ஆகவே ஏதென்ஸின் சட்டத்தைப் பார்ப்போம்.

நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன். வேலையில் நிறைய ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டியிருக்கும். எந்த ஒப்பந்தத்திலும் நான் முதலில் தேடுவது, ஒருவர் விலகினால் என்ன நடக்கும் என்று சொல்லும் பகுதியைத்தான். ஏதென்ஸின் திருமணத்திலும் அப்படி ஒரு பகுதி இருந்தது. தகப்பன் சீதனத்தோடு மகளைக் கொடுப்பான். கணவன் மனைவியை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம், ஆனால் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அவள் தகப்பன் வீட்டுக்குப் போவாள், தகப்பன் இல்லையென்றால் சகோதரன் வீட்டுக்குப் போவாள். அவளுக்காகப் பேச அங்கே ஓர் ஆண் இருப்பான். மனைவி தானாக விலக விரும்பினால், ஆர்க்கோன் எனப்பட்ட அதிகாரியிடம் போய்ப் பதிவு செய்ய வேண்டும்.

இதுவும் காகிதத்தில் இருந்த அளவுக்கு நடைமுறையில் இல்லை. யூரிப்பிடீஸ் காலத்தில் வாழ்ந்த பெரிய அரசியல்வாதி அல்கிபியாடீஸ். அவனுடைய மனைவி ஹிப்பாரெட்டே, அவன் வேறு பெண்களோடு திரிவதைத் தாங்க முடியாமல் சகோதரன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஆர்க்கோனிடம் மனுக் கொடுக்கப் போனாள். அல்கிபியாடீஸ் அவளைப் பிடித்துச் சந்தை வழியாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஒருவரும் தடுக்கத் துணியவில்லை என்று புளூட்டாக் எழுதுகிறார். அவள் சாகும்வரை அந்த வீட்டிலேயே இருந்தாள்.

இப்போது மெடேயாவைப் பாருங்கள். அவளை யாரும் கைப்பிடித்துக் கொடுக்கவில்லை. திருப்பித் தரச் சீதனம் இல்லை. தகப்பனுக்குத் துரோகம் செய்தவள். தஞ்சம் கொடுக்கக்கூடிய தம்பியை அவளே கொன்றுவிட்டாள். அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அவளுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அந்தக் கதவை மூடியதும் அவளேதான், யாசோனுக்காக.

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. யாசோன் வலது கையைக் கொடுத்து, தெய்வங்களைச் சாட்சி வைத்துச் செய்த சத்தியம். நாடகம் முழுக்க அவள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவளைப் பொறுத்தவரை யாசோன் செய்தது சத்தியத்தை மீறிய குற்றம். ஆனால் அந்தக் குற்றத்துக்கு அவள் போய் வழக்குச் சொல்ல ஒரு மன்றமும் இல்லை.

பார்வையாளர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. இருபது வருடங்களுக்கு முன், கி.மு. 451இல், தலைவர் பெரிக்ளீஸ் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். தாய் தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரர் என்றால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வெளியூர்ப் பெண்ணின் பிள்ளைக்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், பெரிக்ளீஸே பிறகு மிலேத்தஸ் ஊர்ப் பெண் அஸ்பாசியாவோடு வாழ்ந்தார். கொள்ளைநோயில் முதல் மனைவியின் மகன்கள் இருவரும் இறந்தபோது, அஸ்பாசியாவுக்குப் பிறந்த மகனுக்குக் குடியுரிமை கொடுக்கும்படி மக்களிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். சட்டம் செய்தவரே சட்டத்துக்கு விலக்குக் கேட்க வேண்டியதாயிற்று.

கணவனைப் பழிவாங்கிய மனைவியை ஏதென்ஸ் மேடை முன்பும் பார்த்திருந்தது. கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் எழுதிய நாடகத்தில், மகளைப் பலி கொடுத்த கணவன் அகமெம்னோனை கிளிதெம்னெஸ்த்ரா கொல்கிறாள். அவன் போரிலிருந்து இன்னொரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பிறகு மகன் ஓரெஸ்தெஸ் தாயைக் கொல்கிறான். கடைசியில் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் வாக்குகள் சரிசமமாக விழ, அவன் விடுதலையாகிறான். பழிக்குப் பழி அங்கே ஒரு தீர்ப்போடு முடிகிறது. சனங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

யூரிப்பிடீஸ் அந்த நிம்மதியைக் கொடுக்கவில்லை. கிரேயோன் மெடேயாவை நாடு கடத்துகிறான். அவள் ஒரே ஒரு நாள் தவணை கேட்டு வாங்குகிறாள். அப்போது ஏதென்ஸ் அரசன் ஏகேயுஸ் அந்த வழியாக வருகிறான். பிள்ளை இல்லாத கவலையில் டெல்பிக்குப் போய்க் குறி கேட்டுவிட்டு வருகிறவன். தஞ்சம் தருவதாக அவனிடம் அவள் சத்தியம் வாங்குகிறாள். அவன் போன பிறகுதான் பிள்ளைகளைக் கொல்லும் திட்டத்தை வெளியே சொல்கிறாள். பிள்ளை இல்லாத ஓர் ஆணின் கவலையைக் கண்ணால் பார்த்த பிறகு, யாசோனுக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

நஞ்சு தடவிய ஆடையும் கிரீடமும் பரிசாகப் போகின்றன. மணப்பெண் சாகிறாள், அவளைத் தூக்கப் போன தகப்பனும் சாகிறான். அதன் பிறகு பிள்ளைகள். அந்த முடிவுக்கு முன் அவள் பலமுறை மனம் மாறுகிறாள். தான் செய்யப்போவது கொடுமை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்கிறாள். கடைசியில் பாட்டன் சூரியன் அனுப்பிய தேரில் பிள்ளைகளின் உடல்களோடு பறந்து போகிறாள். ஏதென்ஸில் அவளுக்குத் தஞ்சம் காத்திருக்கிறது. தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை.

எல்லாப் பழங்கதைகளும் இப்படிச் சொல்லவில்லை. பிற்காலத்தில் கொரிந்துக்குப் போன பயணி பௌசானியாஸ், அங்கே மெடேயாவின் மகன்களுடைய கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர் மக்கள் அவர்களைக் கல்லெறிந்து கொன்றார்கள் என்பது அங்கே வழங்கிய கதை. கொலைப்பழியைத் தாய்மேல் மாற்றச் சொல்லிக் கொரிந்துக்காரர் யூரிப்பிடீஸுக்குக் காசு கொடுத்தார்கள் என்று ஒரு பழைய வம்பும் உண்டு. வம்பை விடுவோம். ஆனால் இன்று நமக்குத் தெரிந்த மெடேயா யூரிப்பிடீஸ் காட்டிய மெடேயாதான்.

போன வருடம் அம்மா வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அம்மா 24 வயதில், அப்பாவின் விசாவில், ஒருவரையும் தெரியாத இந்த நாட்டுக்கு வந்தவர். நல்ல வாழ்க்கைதான் வாழ்ந்தார். ஆனாலும் அன்றைக்கு அவருக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது என்று இப்போது எனக்கு விளங்குகிறது. சீதனம், வட்டி, ஆர்க்கோன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி. அந்தப் பிள்ளையள் ரெண்டும் என்ன பிழை செய்ததுகள்?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நாடகத்தில் அந்தப் பிள்ளைகள் பேசுவது ஒரே ஓர் இடத்தில்தான். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து உதவி கேட்கிறார்கள். வெளியே நிற்கும் கொரிந்துப் பெண்கள் உள்ளே போகலாமா என்று யோசிக்கிறார்கள். ஒருவரும் போகவில்லை.