ஹூவர் மைதானமும் ஒரு முழங்கை ஜவ்வும்

1/ கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டி வைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்க. நடுவில் கயிறு மாதிரி ஒன்று துருத்தி நிற்கும். பலர் இதை நரம்பு என்பார்கள். நரம்பு இல்லை, இது ஒரு தசைநாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. உங்களுக்கு இல்லையென்றாலும் பயப்பட வேண்டாம், கைக்கு ஒரு குறையும் வராது.

2/ இந்தக் கயிற்றுக்கும் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் தொடர் ஒன்றுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் இன்றைய இழை. பேஸ்பால் தெரியாதவங்களும் தாராளமா படிக்கலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

3/ முதலில் தொடர். அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் குழுவாகச் சேர்ந்து லீக் அமைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் கான்ஃபரன்ஸ். தெற்கு மாநிலங்களின் பெரிய கான்ஃபரன்ஸ் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.இ.சி. அதன் பேஸ்பால் சாம்பியன் தொடர் 1977-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் நான்கே அணிகளோடு தொடங்கியது. உள்ளூர் அணியான ஓல் மிஸ் கோப்பையை வென்றது.

4/ பிறகு பல ஊர்கள் சுற்றி, 1998-இல் அலபாமாவின் ஹூவர் நகரத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் அங்கேதான். 2020-இல் மட்டும் கொரோனாவால் ரத்து. அணிகளும் கூடிக்கொண்டே போயின. 2012-இல் 10, 2013-இல் 12, 2025-இல் 16. அதிகக் கோப்பைகள் வைத்திருப்பது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்.

5/ இதில் மருத்துவர் எங்கே வருகிறார்? தொடரின் ஆட்ட முறையில் வருகிறார். ஆரம்பத்தில் இருந்தது ‘இரண்டு தோல்வி’ முறை. ஒரு முறை தோற்றாலும் வெளியே போக மாட்டார்கள், இரண்டாவது தோல்வியில்தான் மூட்டை கட்டணும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்க. 8 அணிகள் ஒரே தோல்வி முறையில் ஆடினால் 7 ஆட்டத்தில் தொடர் முடியும். இரண்டு தோல்வி முறையில் குறைந்தது 14 ஆட்டம். எல்லாமே சில நாட்களுக்குள்.

6/ முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணி கோப்பை வரைக்கும் போக வேண்டுமென்றால், தோல்விக்குப் பின் நாள்தோறும் ஆடி ஜெயிக்கணும். பேட்டிங் ஆடுபவர் சமாளிப்பார். பந்து எறியும் பிட்சரின் கை? ஒரு தொடக்கப் பிட்சருக்கு வழக்கமாக வாரம் ஒரு ஆட்டம்தான். தொடர் நீள நீள, எறிய ஆள் இருக்காது. அப்போதுதான் பயிற்சியாளர் நேற்று எறிந்தவரையே திரும்பிப் பார்ப்பார்.

7/ முழங்கையின் உள்பக்கம் ஒரு சின்ன ஜவ்வு இருக்கிறது. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். பந்தை வேகமாக எறியும் ஒவ்வொரு தடவையும் முழங்கை உள்பக்கமாகப் பிளக்கப் பார்க்கும். சுற்றியுள்ள தசைகள் அந்த இழுப்பில் பாதியைத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்க. தசை சோர்ந்துபோனால் அந்தச் சுமையும் ஜவ்வின் தலையில்தான். கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒரு நாள் கிழியும்.

8/ 1974 வரை, கிழிந்தால் பிட்சரின் வாழ்க்கை முடிந்தது. அந்த ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் புதுசாக ஒன்று செய்து பார்த்தார். அவருடைய வலது கையிலிருந்து நீங்கள் மேலே பார்த்த அதே கயிற்றை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, ஜவ்வுக்குப் பதிலாகக் கோர்த்துத் தைத்தார். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். சிகிச்சைக்குப் பிறகு மட்டும் 164 வெற்றிகள்! இன்றைக்கு அந்த அறுவை சிகிச்சைக்கே டாமி ஜான் என்றுதான் பெயர்.

9/ அதே 1974-இல்தான் கல்லூரி பேஸ்பாலில் அலுமினிய மட்டையும் நுழைந்தது. மரத்தை விட அது பந்தை வேகமாகத் தள்ளும். அடி கூடினால் ஒவ்வொரு இன்னிங்ஸும் நீளும், பிட்சர் எறிய வேண்டிய பந்துகளும் கூடும். உச்சம் 1998-இன் தேசியக் கல்லூரி இறுதி ஆட்டம். ஸ்கோர் 21-14! 2011-இல் மட்டைக்குக் கடுமையான விதி வந்த பிறகுதான் அடி குறைந்தது.

10/ இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஹூவர் என்பது பர்மிங்ஹாம் நகரத்தின் புறநகர். முழங்கை ஜவ்வு சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் பல வருஷம் பணியாற்றியது அதே பர்மிங்ஹாமில். 1987-இல் அவர் அங்கேயே ஒரு விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனமும் தொடங்கினார். அதாவது தொடரும், தொடர்கள் தேய்த்த முழங்கைகளைத் தைத்த இடமும் ஒரே ஊர்ப்பக்கம்.

11/ அந்த நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 14 முதல் 20 வயது வரையுள்ள பிட்சர்களில், தோள் அல்லது முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 95 பேரையும் ஆரோக்கியமான 45 பேரையும் ஒப்பிட்டார்கள். வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்களுக்குச் சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 5 மடங்கு. கை அசந்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு? 36 மடங்கு. எழுத்துப் பிழை இல்லைங்க, முப்பத்தாறுதான்.

12/ இதன் பலனாக விதிகள் மாறின. சிறுவர்களுக்கான லிட்டில் லீக் 2007-இல் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2017-இல் வந்தது. கல்லூரிக்கு? இல்லை. தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதியில் பந்து வரம்பு கிடையாது. 17 வயதுப் பையனுக்கு இருக்கும் பாதுகாப்பு 19 வயதில் காணாமல் போகிறது. எப்போது நிறுத்துவது என்பது முழுக்கப் பயிற்சியாளர் கையில்.

13/ விளைவு என்னவாக இருக்கும்? 2009 மே 30, தேசியத் தொடரின் முதல் கட்டம். டெக்சஸும் பாஸ்டன் காலேஜும் 25 இன்னிங்ஸ் ஆடின. கல்லூரி பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டம் அது, 7 மணி நேரத்துக்கு மேல். டெக்சஸ் 3-2 என்று வென்றது. அதில் ஆஸ்டின் வுட் என்ற பிட்சர் இடையில் வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்து எறிந்தார். நம்ம கிரிக்கெட் கணக்கில் 28 ஓவர். ஒருநாள் போட்டியில் ஒரு பவுலருக்கு 10 ஓவர்தான் அனுமதி, ஞாபகம் வச்சுக்குங்க.

14/ அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்த ஆண்டே டெட்ராய்ட் டைகர்ஸ் அவரைத் தேர்வு செய்தது. ஆனால் மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. அந்த ஒரு நாள்தான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நான் கேட்பது வேறு: நிறுத்தச் சொல்ல அங்கே ஒரு விதி ஏன் இல்லை?

15/ மறுபடி ஹூவர். 2024-இல் அதே டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.யில் சேர்ந்தன. மொத்தம் 16 அணிகள். பழைய முறையில் 16 அணிக்குக் குறைந்தது 30 ஆட்டம், ஒரு வாரத்தில் நடக்கிற காரியமா? 2025-இல் ஒரே தோல்வி முறை வந்தது. 15 ஆட்டத்தில் கதை முடிந்தது, ஓல் மிஸ்ஸைத் தோற்கடித்து வாண்டர்பில்ட் சாம்பியன். முதலிலிருந்து ஆடும் அணியே 5 ஆட்டத்தில் கோப்பையைத் தொடலாம். முதல் நான்கு இடத்தில் இருந்தால் 3 போதும். காலண்டருக்காகச் செய்த மாற்றம் கைக்கும் நல்லதாகிவிட்டது.

16/ எஸ்.இ.சி.யின் பெரிய அணிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஹூவரில் தோற்றாலும் தேசியத் தொடரில் இடம் அநேகமாக உறுதி. அதனால் நல்ல பிட்சரை அடுத்த வாரத்துக்காகப் பத்திரப்படுத்த முடியும். சின்ன கான்ஃபரன்ஸ் அணிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கான்ஃபரன்ஸ் கோப்பை ஒன்றுதான் வாசல். அங்கே கடைசி நாளில் அசந்த கையோடு எறிகிற பையனை எந்தத் தொலைக்காட்சியும் பெரிதாகக் காட்டாது.

17/ ஆக, ஒரு தொடரின் அட்டவணை என்பது வெறும் அட்டவணை இல்லை. யார் கை எவ்வளவு சுமக்கணும் என்பதையும் அதுதான் எழுதுகிறது. ஜோப் கண்டுபிடித்த சிகிச்சை பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனால் தைக்க ஆள் இருக்கிறார் என்பதற்காகக் கிழிய விடலாமா?

18/ உங்க பிள்ளை எந்த விளையாட்டு ஆடினாலும் சரி, “கை அசதியா இருக்கு” என்று சொன்னால் அதை சோம்பேறித்தனம் என்று நினைக்காதீங்க. அன்றைக்கு ஓய்வு கொடுங்க. வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்க. அந்த 36 மடங்கு மட்டும் மனசில் இருந்தால் போதும்.