பாடநூல் கேலிச்சித்திரச் சர்ச்சை (2012)

பாடநூல் கேலிச்சித்திரச் சர்ச்சை என்பது தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) வெளியிட்ட 11, 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூல்களில் இருந்த இரண்டு படங்களைப் பற்றி 2012இல் எழுந்த விவாதமாகும். இரண்டுக்கும் சிதம்பரத்தோடு தொடர்பு உண்டு. முதல் படத்தை எதிர்த்து மக்களவையில் குரல் எழுப்பியவர் சிதம்பரம் தொகுதி உறுப்பினர். இரண்டாவது படம் கேலி செய்த போராட்டத்தில் உயிரிழந்த மாணவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் படித்தவர்.

பின்னணி

பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு உருவாக்கிய தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, மனப்பாடத்திலிருந்து மாணவரை விடுவிக்க வேண்டும் என்றது. அதன்படி எழுதப்பட்ட புதிய நூல்கள் 2006 முதல் வெளிவந்தன. அரசியல் அறிவியல் நூல்களின் தலைமை ஆலோசகர்களாக யோகேந்திர யாதவ், சுஹாஸ் பல்ஷிகர் ஆகியோர் இருந்தனர். பழைய நாளிதழ்க் கேலிச்சித்திரங்கள் பாடத்தின் பகுதியாயின. உன்னி, முன்னி என்ற இரு கற்பனைச் சிறார்கள் பக்கங்களின் ஓரத்தில் கேள்வி கேட்டனர். விடையை ஒப்பிக்கும் மாணவனைக் கேள்வி கேட்பவனாக மாற்றுவதே நோக்கம்.

நத்தையும் சாட்டையும்

சங்கர் (கே. சங்கர் பிள்ளை) 1949இல் வரைந்த படம் 11ஆம் வகுப்பு நூலில் இடம்பெற்றது. அரசியலமைப்பு என்ற நத்தையின் மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்குகிறார். மக்கள் வேடிக்கை பார்க்கின்றனர். 1946 டிசம்பரில் கூடிய அரசியல் நிர்ணய சபை, 1949 நவம்பர் 26 அன்றுதான் பணியை முடித்தது. அந்தத் தாமதமே படத்தின் பொருள். நிதானமான விவாதத்தால்தான் அவ்வளவு காலம் ஆயிற்று என்று பாடம் விளக்கியது.

சுமார் ஆறு ஆண்டுகள் வகுப்பறையில் இருந்த இப்படத்தை, 2012 மே 11 அன்று தொல். திருமாவளவன் மக்களவையில் எழுப்பினார். அம்பேத்கர் மீது சாட்டை ஓங்கப்படுவதாகவே படம் தோன்றுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். சாட்டை நத்தைக்கு உரியது என்பது ஆதரவாளர்களின் விளக்கம். ஆனால், தலைமுறை தலைமுறையாகச் சாட்டையடியை நினைவில் சுமக்கும் சமூகத்து மாணவர் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்குப் படம் என்னவாகத் தெரியும் என்ற கேள்விக்கு அந்த விளக்கம் போதுமானதாக இல்லை.

மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்துப் படம் நீக்கப்படும் என்றார். ஆலோசகர்கள் இருவரும் விலகினர். புணேயில் பல்ஷிகரின் பல்கலைக்கழக அலுவலகம் தாக்கப்பட்டது.

1965இன் மாணவர்

அடுத்த சில வாரங்களில் 12ஆம் வகுப்பு நூலில் இருந்த ஆர். கே. லட்சுமணின் படம் தமிழ்நாட்டில் எதிர்ப்பைக் கிளப்பியது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றியது அது. போராடும் மாணவருக்கு இந்தி மட்டுமல்ல, ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்பதே அதன் நையாண்டி. அதனை நீக்குமாறு மு. கருணாநிதி கோரினார். பிற தமிழகக் கட்சிகளும் எதிர்ப்புத் தெரிவித்தன.

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். 1967இல் ஆட்சி மாறியது; 1968இல் இருமொழிக் கொள்கை வந்தது. இந்த வரலாறு தெரிந்தவருக்கு அப்படத்தைப் பார்த்துச் சிரிப்பு வராது. தெரியாதவர் மனத்தில் நிற்பது கல்லெறியும் அறியாச் சிறுவன் மட்டுமே.

தோரட் குழு

நூல்களை ஆராயச் சுகதேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2012இல் அறிக்கை அளித்தது. பல படங்களை நீக்கவும் மாற்றவும் அது பரிந்துரைத்தது. உறுப்பினரான தமிழக வரலாற்றாசிரியர் எம். எஸ். எஸ். பாண்டியன் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். திராவிட இயக்க வரலாற்றை ஆழ்ந்து ஆராய்ந்த ஒருவர் நீக்கத்தை ஏற்காதது கவனிக்கத்தக்கது.

மதிப்பீடு

ஜெர்மானியக் கேலிச்சித்திரக்காரர் ஹான்ஸ் டிராக்ஸ்லர் 1970களில் வரைந்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. குரங்கு, யானை, தொட்டி மீன் முதலியவை வரிசையில் நிற்க, ஆசிரியர் எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்கிறார்: மரம் ஏற வேண்டும். ஒரே அளவுகோலில் பிள்ளைகளை அளக்கும் கல்விமுறை மீதான விமர்சனம் இது.

2012இன் சர்ச்சையிலும் இதே சிக்கலைக் காணலாம். நாளிதழில் வந்த படத்துக்கு அன்றைய வாசகர் அன்றைய செய்தியோடு பொருள் கொண்டார். பிடிக்காதவர் வேறு இதழ் வாங்கலாம். பாடநூலில் அந்த வாய்ப்பு இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்து சிதம்பரம் செல்லும் வழியில் உள்ள ஊர்களிலும், தில்லியிலும், மத்தியப் பாடத்திட்ட மாணவர் படிப்பது ஒரே பக்கம். ஆனால் அவரவர் வீட்டில் கேட்டு வளர்ந்த வரலாறு வேறு. ஒரே நகைச்சுவை எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்தும் என எண்ணியது நூலாசிரியர்களின் குறை. படத்தை எடுத்துவிட்டால் போதும் என்றது அரசின் குறை.

படத்தோடு எதிர்ப்பையும் பாடத்தில் சேர்ப்பது என்ற மூன்றாவது வழி இருந்தது. சங்கரின் நத்தைக்கு அருகே மக்களவை விவாதமும், லட்சுமணின் மாணவருக்கு அருகே இராசேந்திரனின் பெயரும் இருந்திருந்தால், உன்னியும் முன்னியும் கேட்க இன்னும் நல்ல கேள்விகள் கிடைத்திருக்கும்.