துக்கியும் தோகையும்

சென்ற மாதம் பேத்தியின் கல்யாணப் புடவைக்காகப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை விரித்தார். "இது மாதிரி தோகை எந்த ஊர் மயிலுக்கும் இல்லைங்க ஐயா" என்றார். தோகை என்றதும், ஆபீசில் இருந்த காலம் முழுக்க நான் பெருமையடித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது: "பைபிளிலேயே தமிழ்ச் சொல் இருக்கிறது, தெரியுமா?"

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சாலமோன் அரசனுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் எல்லாம் வந்த கதையை அங்கேதான் கேட்டேன். முதலாம் இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிரெஞ்சில் மயில் 'பான்'. மூல எபிரேயத்தில் 'துக்கியீம்', ஒருமையில் துக்கி. அது நம் 'தோகை'தான் என்று கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் எழுதினார். தோகை என்பது வாலையும் குறிக்கும், சினையாகுபெயராய் மயிலையும் குறிக்கும். மயிலோ நம் நாட்டுப் பறவை. பறவையோடு பெயரும் கப்பலேறியது என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்றபின் நிதானமாகத் தேடிப் படித்தேன். எபிரேயம் பேச்சிலிருந்து விலகிய பிறகு, யூதர்கள் வேதத்தை அரமேய மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். அதற்குத் 'தர்கூம்' என்று பெயர். துக்கியீம் வரும் இடத்தில் அதில் இருப்பது 'தவாசின்', அதாவது மயில்கள். கிரேக்கத்தில் 'தாவோஸ்', பாரசீகத்தில் 'தாவூஸ்' என்பதெல்லாம் இதே சொல்தான். ஷாஜகானின் மயிலாசனம் 'தக்த்-இ-தாவூஸ்' ஆனது இப்படித்தான். லத்தீனில் பெயர்த்த ஜெரோமும் மயில் என்றே எழுதினார்.

ஆனால் அவற்றுக்கும் முந்திய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் மயிலே இல்லை. செதுக்கிய கற்கள் இருக்கின்றன. துக்கி என்பது ஒருவகைக் குரங்கு, எகிப்தியச் சொல் என்று ஆல்பிரைட் என்ற அறிஞர் கருதினார். இன்றைய எபிரேயத்திலோ துக்கி என்றால் கிளி. மயிலுக்கு அவர்கள் சொல்வது அந்த அரமேயத் 'தவாஸ்'தான்.

ஆக, அரமேயச் சொல் சாட்சி சொல்வது ஒன்றே ஒன்றுக்கு: துக்கி என்பதை அன்றைய யூதர்கள் மயில் என்று புரிந்துகொண்டார்கள். அந்தச் சொல் தமிழிலிருந்து போனதா என்று கேட்டால் அது வாய் திறப்பதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் நான் இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன். பைலில் இரண்டு தாளைச் சேர்த்துக் குத்திவிட்டு ஒரே உத்தரவு என்று சொன்ன மாதிரி.

கால்டுவெல் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்னமும் அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் இப்போது யாரிடம் சொன்னாலும் "இருக்கலாம்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கிறேன். நம் ஊரில் சரிகையைக்கூடச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? தமிழின் பெருமையையும் அப்படிப் பார்த்து எடுத்துக்கொண்டால் அது சாயம் போகாது.

புடவை அந்த மயில்கழுத்தேதான் எடுத்தோம்.