கொல்லிமலைச் சாரலும் கர்நாடக யுத்தங்களும்



வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்டவன் என்பதும், முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்தனன் என்பதும் சங்க நூல்களால் அறியப்படுவன. வென்றவன் ஒருவன், மலையைப் பெற்றவன் வேறொருவன். இத்தகையதொரு நிகழ்ச்சியே பதினெட்டாம் நூற்றாண்டில், அம்மலைக்குத் தெற்கே காவிரிக்கரையில், பன்மடங்கு பெரிதாய் நடந்தேறியது.

ஐரோப்பாவில் பகைவராயிருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சென்னையிலும் புதுச்சேரியிலும் வாணிகஞ் செய்துவந்தனர். ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்திற்கு உண்டான வழக்கு இவ்விரு கும்பெனியார்க்கும் நல்ல தருணமாக வாய்த்தது. 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருத்தீன் மாண்டார். சந்தா சாகிபைப் பிரெஞ்சுத் தலைவர் டூப்ளே ஆதரித்தார். திருச்சிராப்பள்ளிக் கோட்டையிற் புகுந்த முகம்மதலியை ஆங்கிலேயர் ஆதரித்தனர். தஞ்சை, மைசூர், புதுக்கோட்டைப் படைகளும் மராட்டியத் தலைவர் முராரிராவும் முகம்மதலி பக்கம் சேர்ந்தனர்.

இனி, துணைநின்றோர் அடைந்த பயன் யாதெனப் பார்ப்போம். 1752-ல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப்படை சரணடைந்தது. தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிவந்த சந்தா சாகிபு சிரச்சேதம் செய்யப்பட்டார். திருச்சிராப்பள்ளியைத் தருவதாக முகம்மதலி மைசூருக்கு இரகசியமாய் அளித்த வாக்கும் பொய்த்தது. வெகுண்ட நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து 1755 வரை பொருதும் கோட்டையைப் பெற்றிலர். ஆங்கிலேயருக்கு உதவிய தஞ்சையை 1773-ல் ஆங்கிலச் சேனையின் துணைகொண்டு முகம்மதலியே கைப்பற்றினார். அந்நாடு பின்னர்த் திரும்பக் கிடைத்தும், 1799-ல் கும்பெனி ஆட்சிக்குட்பட்டது. முகம்மதலியோ கடனில் மூழ்கி 1795-ல் இறந்தார். 1801-ல் கர்நாடகம் முழுதும் கும்பெனி வசமாயிற்று. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபினர் மட்டும், ஆங்கிலேய மேலாண்மைக்கு அடங்கி, 1948 வரை சமஸ்தானத்தை நிலைநிறுத்தினர்.

பிரெஞ்சுக்காரர் 1760-ல் வந்தவாசியில் தோற்று, 1761-ல் புதுச்சேரியை இழந்தனர். ஆயினும் 1763-ல் பாரிஸ் உடன்படிக்கையால் அந்நகர் அவர்க்கு மீண்டது.

கொல்லிமலை அடிவாரத்திற்கும் இவ்வனல் பரவிற்று. நஞ்சராஜரின் சேனையில் போர்த்தொழில் பயின்ற ஹைதரலி மைசூரின் அதிபதியானார். மலைக்கு மேற்கேயுள்ள நாமக்கல் கோட்டையை 1768-ல் ஆங்கிலேயர் பிடித்தனர். அவ்வாண்டிலேயே ஹைதர் மீட்டுக்கொண்டார். அவர் மைந்தர் திப்பு பிரெஞ்சுத் துணையை நம்பினார். 1783-ல் ஐரோப்பாவில் சமாதானம் ஆயிற்றென்னும் செய்தி வந்ததும், மங்களூர் முற்றுகையினின்று பிரெஞ்சுப்படை விலகியது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் சீமை கும்பெனியைச் சேர்ந்தது.

இதனால் நாம் அறியத்தக்கது யாதெனில், அந்நியருடைய பகையிற் பங்குகொள்வோனைக் கேட்டு அவர்கள் சமாதானம் செய்வதில்லை என்பதே. உடன்பிறந்தார்க்குள் எழும் வழக்கை வெளியார் முன் கொண்டுசெல்வோர், தீர்ப்பு வருமுன்னே பொருளை இழப்பர். நம் இளைஞர் இவ்வரலாற்றைப் பலகாலும் படித்துத் தெளிவாராக.